பிளாஸ்டர் 200-ல் கம்ப்ரஷன் இறங்கிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் காற்றுக் கலவை அமுங்கும் அளவு. யமஹா பிளாஸ்டர் 200, 1988 முதல் 2006 வரை விற்பனையில் இருந்த டூ-ஸ்ட்ரோக் ஏடிவி (மேடு பள்ளத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி). ஒற்றை சிலிண்டர், ஏர்கூல்டு, ரீட் வால்வ் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்), கிக்கர் மட்டும். போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 66 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57 மி.மீ., மொத்தம் 195 சிசி. ஆர்எக்ஸ் 100 என்ஜினைப் பிரித்துப் பழகியவர்களுக்கு இதன் உள்ளே எதுவும் புதிதாக இருக்காது, உருவம்தான் பெரிது. கீழே உள்ள அளவுகள் கம்பெனி ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) கம்பெனி சிலிண்டரும் உள்ள பிளாஸ்டருக்கானவை. சோதிக்கும் முறை எந்த டூ-ஸ்ட்ரோக் ஏடிவிக்கும் பொருந்தும்.

கேஜ் (அமுக்கத்தை அளக்கும் கருவி) வைக்காமலே கம்ப்ரஷன் குறைவைக் கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்படலாம், முடிவுகட்டக் கூடாது. கிக்கர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். காலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகும் வண்டி, சூடேறி நிறுத்திய பிறகு எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. தள்ளிவிட்டால் மட்டும் பிடிக்கும். சூட்டில் ஆயில் நீர்த்து, ரிங்குக்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போருக்கும் நடுவே அடைப்பு தளர்வது இதற்குக் காரணம்.

கிக்கரைக் கையால் பிடித்து முழு வண்டியையும் தூக்கிப் பார்ப்பது அமெரிக்காவில் பழைய வண்டி வாங்குபவர்களின் வழக்கம். லீவர் இறங்காமல் நின்றால் கம்ப்ரஷன் நல்லது என்பார்கள். 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அமுக்க அளவு) இருக்கும் என்ஜினும் சில விநாடி தாங்கும் என்பதால், அதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

நல்ல என்ஜினில் கேஜ் எவ்வளவு காட்ட வேண்டும்?

கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் 115 முதல் 130 பிஎஸ்ஐ வரை காட்டினால் கவலை இல்லை. 120 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 8.3 பார். 100-க்கு வந்துவிட்டால் ரிங், பிஸ்டன் செலவுக்குத் தயாராகலாம். 90-க்குக் கீழே போனால் ஓட்டிக்கொண்டே இருப்பது போரைக் கெடுக்கும் வேலை.

ஒருமுறை எடுத்த எண்ணைவிட அது எப்படி இறங்கி வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். புது பிஸ்டன் போட்டுப் பழகியதும் ஒருமுறை பார்த்து, எண்ணையும் எந்தக் கேஜ் என்பதையும் ஏர் ஃபில்டர் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். 125 காட்டிய அதே கேஜ் இன்று 105 காட்டினால் சேதி தெளிவு.

150-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். யாரோ ஹெட்டை லேத்தில் சீவியிருக்கிறார்கள், அல்லது உள்ளே கரி கட்டிக் கிடக்கிறது. சாதாரண பெட்ரோலில் அந்த என்ஜின் தட்டும் (கலவை தாறுமாறாக வெடித்து டொக் டொக்கென்று ஒலிக்கும்).

சரியாகச் சோதிப்பது எப்படி?

என்ஜினை 5 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றால் ஊதிய பிறகே கழற்றுங்கள். ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) இடையில் கிடக்கும் மணல் நேராகப் போருக்குள் விழும். கழற்றிய பிளக்கைக் கேப்பிலேயே மாட்டி, அதன் இரும்பு உடல் ஹெட்டைத் தொடும்படி பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். கில் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கேப்பைச் சும்மா தொங்கவிட்டு உதைத்தால் சிடிஐ யூனிட்டோ (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) காயிலோ போகலாம். துளையிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் தீயும் பிடிக்கும்.

கேஜைத் திருகி மாட்டியதும் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர்) முழுவதும் திறந்து, சோதனை முடியும்வரை அப்படியே பிடித்திருங்கள். பல தவறான ரீடிங்குகள் இந்த ஒரு படியில்தான் வருகின்றன. த்ராட்டில் மூடியிருந்தால் கார்புரேட்டரின் ஸ்லைடு காற்றை உள்ளே விடாது. காற்று இல்லாத சிலிண்டர் எதை அமுக்கும்? முள் மேலே ஏறுவது நிற்கும்வரை, வழக்கமாக 6 முதல் 8 முறை, நல்ல வேகத்தில் முழுதாக உதையுங்கள். முதல் உதையில் 60, அடுத்ததில் 90, பிறகு 110, 118, 120 என்று ஏறுவது நல்ல என்ஜின். முதல் உதையில் 30, பிறகு பத்துப் பத்தாக ஊர்ந்து 90-ல் நின்றால் எங்கோ கசிகிறது.

ஒரே வண்டியில் இரண்டு கேஜ் இரண்டு எண் காட்டுகிறதே?

கேஜின் குழாயைப் பாருங்கள். காற்றைத் திரும்ப விடாத சிறு வால்வ் (டயர் ட்யூபில் இருப்பது போன்றது) பிளக் துளையில் திருகும் முனையிலேயே இருக்க வேண்டும். மலிவான கேஜ்களில் அது மேலே, டயல் பக்கம் இருக்கும். அப்போது குழாயின் உள்ளிடம் முழுவதும் ஹெட்டின் எரியறையோடு சேர்ந்துவிடும். காருக்கு அது பொருட்டில்லை. பிளாஸ்டர் போன்ற சிறு என்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 20 சிசி என்று வைத்துக்கொண்டால், குழாயில் 5 சிசி கூடினாலே 120 காட்ட வேண்டிய கேஜ் 90 சொச்சம் காட்டும். அதை நம்பி நல்ல என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

திருகும் முனையின் நீளத்தையும் கவனியுங்கள். பிளாஸ்டரின் பிளக் என்ஜிகே பி8ஈஎஸ், 14 மி.மீ. மரை, 19 மி.மீ. நீளம். முனை குட்டையாக இருந்தால் மரைக்குள் வெற்றிடம் மிஞ்சி எண் சற்றுக் குறையும். அதிக நீளமாக இருந்தால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

நான் இருப்பது மலைப்பகுதி. கணக்கு மாறுமா?

மாறும். கொலராடோவின் டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். கீழே 120 காட்டிய என்ஜின் அங்கே 100-ஐ ஒட்டித்தான் காட்டும். என்ஜின் தேயவில்லை, காற்றுதான் மெலிது.

சிலிண்டரில் ஆயில் ஊற்றிப் பார்க்கும் சோதனை டூ-ஸ்ட்ரோக்கில் எடுபடுமா?

எடுபடும். ஆனால் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எடுக்கும் பொருளை இங்கே எடுக்கக் கூடாது. அங்கே எண் ஏறவில்லையென்றால் வால்வைச் சந்தேகிப்போம். இங்கே ஹெட்டில் வால்வே கிடையாது. ஆகவே மிஞ்சுவது ஹெட் கேஸ்கட், வளைந்த ஹெட், பிளக் மரை, ஓட்டை விழுந்த பிஸ்டன் இவைதான்.

முதலில் ஆயில் விடாமல் எடுத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) 3 முதல் 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகாமல், பிளக் துளையில் விட்டு, கேஜ் மாட்டாமல் மெதுவாக இரண்டு முறை உதைத்துப் பரவவிடுங்கள். அப்புறம் மறுபடி சோதியுங்கள். ஆயிலே கொஞ்சம் இடம் அடைப்பதால் நல்ல என்ஜினிலும் எண் சற்று ஏறத்தான் செய்யும். 85 காட்டியது 115-க்குத் தாவினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. 85 காட்டியது 88-ல் நின்றால் கசிவு வேறெங்கோ.

ஆயில் விட்டும் ஏறவில்லை. அடுத்து?

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். பிளக்கின் வாஷர் இருக்கிறதா, ஹெட்டின் பிளக் மரை தின்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்து, வேறொருவரை உதைக்கச் சொல்லுங்கள். நுரை கிளம்பும் இடத்தில் கசிவு. கேஸ்கட் நாள்பட்டுக் கசிந்திருந்தால் அந்த இடத்து ஃபின்களில் எண்ணெய்க் கரி கறுப்பாக வழிந்து ஒட்டியிருக்கும். பல நேரம் சோப்புத் தண்ணீரே தேவைப்படாது.

ஹெட்டைக் கழற்றினால் தட்டையான கண்ணாடிமேல் கவிழ்த்துவைத்து, 0.03 மி.மீ. ஃபில்லர் கேஜ் எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் கண்ணாடிமேல் 400 நம்பர் எமரி ஷீட்டை விரித்து, எண்ணெய் தொட்டு, எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமப்படுத்தலாம். மாட்டும்போது புதுக் கேஸ்கட், நட்டுகள் குறுக்குக் குறுக்காக இரண்டு மூன்று சுற்றில், கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில். பழைய கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டு மாட்டுவது ஒரு வாரத்துக்குத்தான் வரும்.

என்ஜினைப் பிரிக்காமல் பிஸ்டனைப் பார்க்க வழி உண்டா?

சைலன்சர் பைப்பைச் சிலிண்டரிலிருந்து கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) டார்ச் அடியுங்கள். கிக்கரைக் கையால் மெல்ல இறக்கினால் பிஸ்டனின் பக்கவாட்டும் ரிங்குகளும் உங்கள் கண்முன்னே ஏறி இறங்கும். பிஸ்டன் பக்கம் மழமழவென்று சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தால் ஒருமுறை ஜாம் ஆன பிஸ்டன் அது. ரிங்கை ஒரு மரக்குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அசையாமல் கிடந்தால் கரியில் ஒட்டிக்கொண்டது. ரிங்குக்குக் கீழேயும் பிஸ்டன் கறுத்திருந்தால் எரிந்த புகை ரிங்கைத் தாண்டி இறங்குகிறது என்று பொருள். பத்து நிமிட வேலை, ஒரு கேஸ்கட் செலவு.

ரீட் வால்வோ கிராங்க் ஆயில் சீலோ போனால் கம்ப்ரஷன் குறையுமா?

கேஜில் தெரியும் அளவுக்குக் குறையாது. டூ-ஸ்ட்ரோக்கில் இரண்டு இடத்தில் அமுக்கம் நடக்கிறது. பிஸ்டனுக்கு மேலே, பிளக் பக்கம் நடப்பதைத்தான் கேஜ் அளக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் அறையில் நடக்கும் சிறு அமுக்கம்தான் கலவையை மேலே தள்ளுகிறது. ரீட் வால்வும், கிராங்க் தண்டின் இரு முனையிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலும் காவல் காப்பது அதற்கு. ஆகவே 120 காட்டியும் ஸ்டார்ட் ஆகாத, ஐடிலில் நிற்காத வண்டியில் அவற்றைத் தேடுங்கள்.

ஆனால் சீல்தான் பல பிஸ்டன்களைக் கொன்ற கை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

கழற்றிய பிஸ்டன் என்ன சொல்லும்?

என்ஜின் எதனால் செத்தது என்பதை அது எழுதிவைத்திருக்கும். படிக்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுகிறவர், பெரும்பாலும் அதே சீசனில் இரண்டாவது பிஸ்டனும் வாங்குகிறார்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு விழுந்து அலுமினியம் இழுபட்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை, அல்லது ஆயில் பற்றாக்குறை. பிளாஸ்டரில் இதன் வழக்கமான கதை: ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) மூடியை எடுத்துவிட்டு, வேறு பைப் மாட்டி, மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மட்டும் பழையபடியே விட்டிருப்பார்கள்.

இன்டேக் பக்கம் பிஸ்டன் மங்கலாக, மெல்லிய கீறல்களோடு தேய்ந்து, ரிங்கும் மெலிந்திருந்தால் மணல். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஆயில் தடவவில்லை, அல்லது அதன் விளிம்பு சரியாக உட்காரவில்லை. ஏர்பாக்ஸையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பருக்குள் விரல் விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநறவென்று ஒட்டினால் சாட்சி கிடைத்துவிட்டது.

நான்கு மூலையிலும் கோடு இருந்தால் பிஸ்டன் போரைவிட வேகமாக விரிந்திருக்கிறது: இடைவெளி போதாமல் போர் போட்டது (லேத்தில் துளையைக் கடைந்தது), அல்லது ஸ்டார்ட் செய்ததும் சூடேறவிடாமல் முறுக்கியது. பிஸ்டன் தலையின் ஓரத்தில் எலி கடித்ததுபோல் பொடிப்பொடிக் குழிகள் இருந்தால் என்ஜின் தட்டியிருக்கிறது. நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் பொறி வருவதற்கு முன்பே கலவை தீப்பிடித்திருக்கிறது; அதிகச் சூடு வகைப் பிளக் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

ரிங் மட்டும் மாற்றினால் போதாதா?

போர் அளவுக்குள் இருந்தால் போதும். அது கண்ணால் தெரியாது. போர் டயல் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்க் போக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று ஆறு அளவு எடுங்கள். தேய்மானம் எக்ஸாஸ்ட், இன்டேக் திசையில்தான் அதிகம் இருக்கும். பிஸ்டனை அதன் அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பிஸ்டன் பின்னுக்குக் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) குறுக்கே மைக்ரோமீட்டரால் அளங்கள். இரண்டின் வித்தியாசம்தான் இடைவெளி. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது புது பிஸ்டன் பெட்டியிலுள்ள தாளில் இருக்கும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரிவதால் அதற்கு இடைவெளியும் அதிகம் கேட்கும். இதை மறந்து போடுவதுதான் மேலே சொன்ன நான்கு மூலைக் கோடு.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராக 20 மி.மீ. உள்ளே தள்ளி, வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால் பாருங்கள். போர் விட்டத்தில் ஆயிரத்துக்கு நாலு பங்கு என்பது பழைய கணக்கு, 66 மி.மீ.க்கு அது 0.26 மி.மீ. வருகிறது. அதற்குக் கீழே வேண்டாம். 0.7-ஐத் தாண்டினால் அந்த ரிங்கின் ஆயுள் முடிந்தது. புது ரிங்கே 0.6 காட்டினால் தேய்ந்தது போர்.

லேத்துக்குக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். "அடுத்த சைஸ் போர் போட்டுவையுங்கள், பிஸ்டன் அப்புறம் தருகிறேன்" என்பது வேண்டாம். பெட்டியில் 66.50 என்று இருந்தாலும் பிஸ்டனின் உண்மை அளவை எடுத்து அதற்குத்தான் போர் போட வேண்டும். பிளாஸ்டரில் வார்ப்பிரும்பு ஸ்லீவ் என்பதால் 0.25 மி.மீ. படிகளில் ஏறலாம். நிக்கல் பூச்சு உள்ள சிலிண்டர்களுக்கு இது ஆகாது, அவற்றுக்கு மறுபூச்சுதான்.

போர்ட்டுகளின் விளிம்பைச் சாய்த்துவிடச் சொல்லுங்கள். போர் போட்டதும் அந்த விளிம்பு கத்திபோல் இருக்கும், ரிங் அதில் மாட்டி ஒடியும். திரும்பி வந்த சிலிண்டரைப் பெட்ரோலால் கழுவினால் போதாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வராத அளவுக்குக் கழுவி, உடனே ஆயில் தடவுங்கள்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங்கின் வாய் பள்ளத்திலுள்ள சிறு ஊசியின் மேல். ஊசியை விட்டு விலகி மாட்டினால் சிலிண்டர் இறங்கும்போதே ரிங் ஒடிந்துவிடும், சத்தம்கூடக் கேட்காது. சர்க்ளிப் (பிஸ்டன் பின்னை நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) இரண்டும் புதிது, வாய் நேர்மேலோ நேர்கீழோ. சர்க்ளிப் மாட்டும்போது கிராங்க் அறை வாயைத் துணியால் அடைத்துவையுங்கள்; உள்ளே விழுந்தால் அன்றைய நாள் போயிற்று. பின்னின் நீடில் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மேலே புதுசு போட்டுப் பயனில்லை. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு.

சீல் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரஷர் டெஸ்ட். புது பிஸ்டன் மாட்டியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ய வேண்டியது. கார்புரேட்டரைக் கழற்றி இன்டேக் ரப்பரின் வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். பிளாஸ்டரில் இந்த ரப்பர் வெடிப்பது சகஜம், அதனால் அதையும் சோதனைக்குள் வைத்துத்தான் அடைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டையும் அதேபோல் அடையுங்கள். பிஸ்டனைக் கீழ் முனைக்கு இறக்கினால் போர்ட்டுகள் திறந்து மேலும் கீழும் ஒரே அறையாகிவிடும். பிளக் துளை வழியாக 6 பிஎஸ்ஐ காற்று. அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கி வெளியே வரும். டயர் கம்ப்ரஸரைத் தொடாதீர்கள். பிபி பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தும் டயலும் இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். அதில் 300 என்பது 5.8 பிஎஸ்ஐ.

ஆறு நிமிடம் காத்திருங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். முதலில் உங்கள் அடைப்பான்களிலேயே சோப்புத் தண்ணீர் அடியுங்கள், பாதி நேரம் அங்கேதான் இருக்கும். பிறகு இன்டேக் ரப்பர், சிலிண்டர் அடிக் கேஸ்கட். இடது பக்க மேக்னட் கவரைக் கழற்றி, மேக்னட்டுக்குப் பின்னால் அடித்துப் பாருங்கள். வலது பக்கக் கிளட்ச் சைடு சீல் கண்ணுக்குத் தெரியாது. கியர்பாக்ஸின் காற்றுக்குழாய் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள், குமிழி வந்தால் அந்த சீல். அது போயிருந்தால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சும், வெள்ளைப் புகை நிற்காது, ஆயில் அளவு காரணமின்றிக் குறையும். மேக்னட் சைடு சீல் போனால் புகை வராது. வெறும் காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, சத்தமில்லாமல் பிஸ்டன் ஜாம் ஆகும்.

ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்ட வண்டி. எவ்வளவு கலக்க வேண்டும்?

32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-டி ஆயில். ஒரு லிட்டருக்கு 31 மி.லி., 5 லிட்டருக்கு 156 மி.லி. பழைய வண்டி வாங்கினால் ஆயில் டேங்க் மட்டும் இருந்து பம்ப் இல்லாமல் இருக்கலாம். டேங்கைப் பார்த்து ஏமாந்து வெறும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

கம்ப்ரஷன் 120, ஆனால் இழுவை இல்லை.

சைலன்சரில் கரி, அடைத்த ஏர் ஃபில்டர், வழுக்கும் கிளட்ச், விரிந்துபோன ரீட் இதழ்கள். என்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

சிலிண்டரில் போர்ட்டிங் (போர்ட்டுகளைக் கடைந்து பெரிதாக்குதல்) செய்திருக்கிறது. 105 தான் காட்டுகிறது.

எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்தியிருந்தால் பிஸ்டன் அதை மூடுவது தாமதமாகும், அமுக்கக் கிடைக்கும் தூரம் குறையும். அதனால் நல்ல ரிங்கோடும் எண் குறைவாகவே இருக்கும். இப்படிப்பட்ட சிலிண்டரில் ஆயில் சோதனையின் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

பான்ஷிக்கும் இதே எண்கள்தானா?

யமஹா பான்ஷி 350-ல் 64 மி.மீ. போரில் இரண்டு சிலிண்டர், வாட்டர்கூல்டு. எண் ஏறத்தாழ இதுவே. ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், இரண்டும் 100-க்கு மேலே இருந்தாலும், ஒன்று நோயாளி. சோதிக்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும்.

புது பிஸ்டன், புது போர். 95 தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இன்னும் இல்லை. ரிங் போரில் உட்காரவில்லை. மிதமான வேகத்தில் ஓட்டி, கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. அடுத்து ஒரு டேங்க் பெட்ரோல் முடியும்வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் முறுக்காமல் ஓட்டுங்கள். பிறகு சூட்டோடு, அதே கேஜில், த்ராட்டிலைத் திறந்து பாருங்கள். அப்போதும் 100-ஐத் தாண்டாவிட்டால் போர் அளவெழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போகலாம்.